புல்தரையில் ராமநாதன் கிருஷ்ணன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் சாம்பியன் என்கிறார் அப்பா. சாம்பியன்கள் பட்டியலில் அவர் பெயரைக் காணோம். எது சரி? (திருநெல்வேலி)

பதில்: இரண்டும் சரி. 1954-ல் சிறுவர் பிரிவு இறுதியில் ஆஷ்லி கூப்பரை வென்றார். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் வீரர் அவர்தான். பெரியவர்கள் பிரிவில் 1960, 1961 இரண்டு ஆண்டும் அரையிறுதி வரை வந்தார். முதல்முறை நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த முறை ராட் லேவரிடமும் தோற்றார். அந்தந்த ஆண்டு கோப்பையை வாங்கியதும் அவர்களே. 1962-ல் நான்காம் தரவரிசை கிடைத்தும் கணுக்கால் காயத்தால் பாதியில் விலக நேர்ந்தது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

கேள்வி: அவருடைய சர்வீஸில் வேகம் கிடையாது என்கிறார்கள். பிறகு எமர்சனை எப்படி நேர் செட்டில் சாய்த்தார்? (மதுரை)

பதில்: 1961 காலிறுதியைக் கேட்கிறீர்கள்: 6-1, 6-4, 6-4. எமர்சன் அப்போது ஆஸ்திரேலிய சாம்பியன். அன்றைய புல்தரை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு வழி ஒன்றுதான். சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஓடுவது, பந்து தரையில் படுமுன்பே அடிக்கும் முதல் வாலியிலேயே புள்ளியை முடிப்பது. அப்படி ஓடி வருபவர் வலைக்கும் பின்கோட்டுக்கும் நடுவிலுள்ள சர்வீஸ் கோட்டுக்கு வரும் நொடியில் பந்து காலடியில் விழுந்தால் அவரால் மேல்நோக்கித்தான் தூக்க முடியும். தூக்கிய பந்து எதிராளிக்குச் சொந்தம்.

அந்த இடத்தில் பந்தைப் போட பலம் உதவாது. ஓங்கி அடித்த பந்து தாழ்வதற்குள் வலையைத் தாண்டி மார்பு உயரத்தில் வந்துவிடும், வாலி அடிக்க அதைவிட வசதி வேண்டாம். வலையை ஒட்டி மெதுவாகப் போகிற பந்துதான் உடனே தாழும். கிருஷ்ணனின் ஆட்டமே இந்த மென்மையில் இருந்தது.

அவருடைய ஹாஃப் வாலியையும் சொல்ல வேண்டும். தரையில் பட்டுக் கணுக்கால் உயரம் எழும்போதே பந்தை எடுப்பது அது. முழங்கால் நன்றாக மடங்க வேண்டும், மட்டையைப் பின்னால் ஒரு சாண்கூட இழுக்கக் கூடாது, மணிக்கட்டு அசையக் கூடாது. பழகுபவர்கள் நிமிர்ந்து நின்றபடி மணிக்கட்டால் அள்ளுவார்கள், பந்து வானத்துக்குப் போகும். மட்டையை அதிகம் இழுத்தாலோ, பந்து அதற்குள் தாண்டிவிடும்.

கேள்வி: 1966-ல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோச்சுடன் ஆடியபோது ஒரு செட் 10-12 என்று போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா? (சேலம்)

பதில்: பிழை இல்லை. கேம்கள் சமமாக நின்றால் செட்டை முடித்துவைக்கும் டை-பிரேக் விம்பிள்டனுக்கு வந்ததே 1971-ல்தான், நீங்கள் கேட்கும் ஆட்டம் நடந்த, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பைக்கு 1989-ல். அதுவரை இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை செட் நீளும். இரு அணியும் 2-2 என நின்றபோது நடந்த கடைசி ஆட்டம் அது. அந்த மூன்றாவது செட்டை இழந்து, நான்காவதில் 2-5 என்று பின்தங்கியும் கிருஷ்ணன் விடவில்லை: 3-6, 6-4, 10-12, 7-5, 6-2. இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குள் நுழைந்தது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றாலும், அந்த ஒரு வெற்றி நியூகாம்ப், ரோச் ஜோடியை கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் வென்றது. இது அதிகம் பேசப்படாதது வருத்தம்.

கேள்வி: தாத்தாவின் மர மட்டை பரணில் கிடைத்தது. ஆடலாமா? (கும்பகோணம்)

பதில்: முதலில் கண்ணாடி மேஜைமேல் படுக்க வையுங்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடினால் சட்டம் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம், சுவரில் மாட்டிவிடலாம். ஒட்டிய மரப் பட்டைகளுக்குள் ஈரம் இறங்கியிருக்கும், நரம்புகளின் இழுவை மீதியைச் செய்திருக்கும். நேராக இருந்தால் பழைய நரம்பை அறுத்து எடுங்கள். நடுவில் தொடங்கி, நெடுக்கில் ஒன்று குறுக்கில் ஒன்று என்று மாற்றி மாற்றி அறுக்க வேண்டும். ஒரே பக்கமாக அறுத்தால் இழுவை சமநிலை கெட்டுச் சட்டம் வளையும். புது நரம்பு கட்டுபவரிடம் 45 பவுண்டுக்கு மேல் இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆடாத நாளில் சட்டம் வளையாமல் அழுத்திப் பிடிக்கும், நான்கு திருகு வைத்த மரப் பிரெஸ்ஸில் பூட்டி, திருகுகளை மூலைவிட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.