சென்னையிலேயே சோதித்துவிட்டார்களே, வழியில் விமானம் மாறும்போது மறுபடியும் எதற்கு?

சென்னையில் சோதனை முடித்து விமானம் ஏறியவர், நிலையத்தை விட்டு வெளியே கால் வைக்காமலேயே அடுத்த விமானத்துக்குப் போகிறார். அவரை ஏன் மறுபடி வரிசையில் நிறுத்துகிறார்கள், அதற்கு எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் எளிது. நம் நாட்டில் நடந்த சோதனையை விமானம் மாறும் நாடு பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நியூயார்க்கிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டில் வந்து இறங்குகிறவர் நேராக அடுத்த கேட்டுக்கு நடந்து போவார். சென்னையிலிருந்து வந்தவர் பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் சோதனையை ஐரோப்பிய ஒன்றியம் தன் சோதனைக்குச் சமமாக ஏற்றிருக்கிறது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. நம் ஊர் சிஐஎஸ்எஃப் காவலர்கள் தடவிப் பார்ப்பதில் பாதிகூட அங்கே இல்லை என்பது வேறு விஷயம்.

இதில் எரிச்சல்படுவதற்கு முன் பழைய கதை கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கத்தில் 30க்கும் மேற்பட்டோரைக் கொன்ற குண்டு, கொழும்பு விமானத்துக்கென்று பதிவு செய்யப்பட்ட பெட்டிகளில் இருந்தது. பதிவு செய்தவர் விமானம் ஏறவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் வான்கூவரில் ஏற்றிய ஒரு பெட்டி டொரண்டோவில் ஏர் இந்தியா விமானத்துக்கு மாறியது. அதற்குரிய பயணியும் வரவில்லை. அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேல் விமானம் வெடித்து 329 பேர் இறந்தார்கள். 1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் வெடித்த விமானத்திலும் குண்டு இருந்தது ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வந்து லண்டனில் மாற்றி ஏற்றிய பெட்டியில்தான். ஆள் ஏறாத பெட்டியும் விமானம் மாறும் இடமும்தான் ஓட்டை என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று. யாரோ ஒருவர் வரவில்லை என்று அவர் பெட்டியைத் தேடி இறக்கும்வரை நாம் இருக்கையில் நெளிவதும் அதனால்தான்.

இனி தயாராவது பற்றி. கடைசியாக ஏறப்போகும் விமான நிலையத்தின் விதி என்ன என்று பார்த்துக் கைப்பையை அடுக்குங்கள். 2006இல் லண்டனில் பிடிபட்ட திரவ வெடிகுண்டுச் சதிக்குப் பிறகு வந்த 100 மில்லி கட்டுப்பாடு பெரும்பாலான நிலையங்களில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நெய், தேன், ஊறுகாய், தொக்கு எல்லாம் அவர்கள் கணக்கில் திரவம். டியூட்டி ஃப்ரீயில் வாங்கியதை, ரசீது உள்ளே தெரிய ஒட்டித் தரும் உறையோடு அப்படியே வைத்திருக்க வேண்டும். என் பக்கத்து இருக்கைப் பெண்மணி விமானத்திலேயே உறையைக் கிழித்து வாசனைத் திரவியத்தை மணிக்கட்டில் தெளித்துப் பார்த்தார். அடுத்த சோதனையில் முழுப் புட்டியும் குப்பைத்தொட்டிக்குள் விழுந்தது.

நம்மவர்களுக்குப் பொடிதான் பெரிய தலைவலி. அமெரிக்கா போகும் விமானங்களில், 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி கைப்பையில் இருந்தால் தனியாக ஆராய வேண்டும் என்ற விதி 2018 ஜூன் 30 முதல் இருக்கிறது. இது எடை இல்லை, கொள்ளளவு; ஒரு குளிர்பானக் கேன் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியை ஓர் அதிகாரி ஆராய்ந்ததை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பொட்டலத்தின் மடிப்புகளைச் சிறு பட்டைத் துணியால் துடைத்தார், துணியை இயந்திரத்தில் செருகினார், காத்திருந்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய்விட்டு, முகத்தைத் திருப்பித் தும்மினார். பொடி தப்பியது. எல்லா நாளும் தப்பாது; பேசாமல் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

கசகசாவை மட்டும் எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். துபாயில் விமானம் மாறுகிறவரின் கைப்பையும் எக்ஸ்ரேக்குள் போகிறது. குருமா மசாலாவில் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை, கடும் வலிக்கான மாத்திரை எடுத்துப்போகிறவர்கள் மருந்துச் சீட்டையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் முதல் மூன்று டெர்மினல்களிலும் சோதனை கேட்டின் வாசலிலேயே நடக்கிறது. அதனால் இறங்கியதும் யாரும் மறிக்காததை நம்பிப் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, கடைசியில் வாசலில் நின்று மடமடவென்று குடிக்கும் கூட்டத்தை அங்கே எப்போதும் பார்க்கலாம்.

அமெரிக்காவுக்குள் விமானம் மாறுவது எல்லாவற்றையும்விடக் கடினம். முதலில் இறங்கும் ஊரிலேயே இமிகிரேஷன், பெட்டியை எடுத்தல், சுங்கம், பெட்டியை மறுபடி ஒப்படைத்தல், அதன்பின் பாதுகாப்புச் சோதனை. இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி உள்ள டிக்கெட்டை நான் வாங்கமாட்டேன். அபுதாபி வழியாகப் போனால் 2014 முதல் அமெரிக்க இமிகிரேஷனை அங்கேயே முடித்துவிடலாம். வயதான பெற்றோரை அனுப்புகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

சென்னை கவுண்டரில் தரும் பெட்டிச் சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் இருக்காது. நடுவழியில் பெட்டியை எடுக்க வேண்டிவரும், அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். மேலே சொன்னபடி அமெரிக்காவில் இறங்கிப் பெட்டியை எடுக்கிறவர்கள், சீட்டில் கடைசி ஊரின் பெயரே இருந்தாலும் முதல் ஊரில் எடுத்தாக வேண்டும். டியூட்டி ஃப்ரீ பாட்டிலைப் பெட்டிக்குள் மாற்றிக்கொள்ள அங்கே ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.