அக்டோபரில் கடலில் குளிக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, அக்டோபர் நடுவில் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் பள்ளி விடுமுறை. கடலோரம் எங்காவது போக ஆசை. கிரேக்கத்தின் கிரீட் தீவா, ஸ்பெயினின் மயோர்க்காவா என்று யோசிக்கிறோம். வீட்டுக்காரரோ "அந்த மாதம் தண்ணீர் சில்லென்று இருக்கும், காசுதான் தண்டம்" என்கிறார். – வாசகி, டோர்ட்முண்ட்

பதில்: தண்ணீரைப் பற்றிக் கவலையே வேண்டாம். உங்கள் ஊரில் எல்லோரும் ஜாக்கெட்டை வெளியே எடுத்துவிட்ட நேரத்தில் கிரீட்டில் கடல் 23 டிகிரி சுமாருக்கு இருக்கும். வெயில் நன்றாக அடிக்கிற மே மாதத்தில்கூட அங்கே 19, 20தான். தண்ணீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். கோடை முழுக்க வாங்கிய சூடு மத்தியதரைக் கடலில் ஆகஸ்டில்தான் உச்சத்துக்கு வருகிறது, அது இறங்க அப்புறம் மாதக்கணக்கில் ஆகிறது. ஜூலை, ஆகஸ்டில் ஆளைத் தள்ளுகிற வடகாற்றும் அக்டோபரில் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வானத்தை. குளிக்கச் சுகமாக இருக்கிற அதே சூடான கடல்தான் மழைக்கும் தீனி போடுகிறது. மேலே வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்து உட்கார்ந்துவிட்டால், பல வாரத்து மழை ஒரே பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிடும். மயோர்க்காவின் சான் யோரென்ஸ் ஊரில் 2018 அக்டோபர் 9 அன்று வந்த திடீர் வெள்ளத்தில் 13 பேர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா பக்கம் வந்த வெள்ளத்தை எல்லோரும் டிவியில் பார்த்தோம், இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். இதற்காக மயோர்க்காவுக்குப் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அக்டோபர் அந்தத் தீவுக்கு மழை மாதம். எந்தத் தீவுக்குப் போனாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: காய்ந்து கிடக்கிற ஓடையில், அது எவ்வளவு வசதியான இடமாகத் தெரிந்தாலும், காரை நிறுத்தாதீர்கள். மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே அங்கே வந்து சேரும்.

என்னைக் கேட்டால் கிரீட், அதிலும் தென்கரை. தீவின் நடுவே வெள்ளை மலைகளும் ப்சிலோரிதிஸும் (2,456 மீட்டர்) கிழக்கு மேற்காகச் சுவர் எழுப்பி நிற்கின்றன. வடக்கிலிருந்து வருகிற மேகம் பெரும்பகுதியை அந்தப் பக்கமே கொட்டிவிடும், தெற்கே இயராபெத்ரா, அயியா கலீனி, பலியோஹோரா பக்கமெல்லாம் வெயிலாக இருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு எனக்குப் பிடித்தது பலியோஹோரா. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர், மேற்கே மணல் கரை, கிழக்கே கூழாங்கல் கரை, நடுவே ஐந்து நிமிட நடை. ஒரு பக்கம் காற்றடித்து அலை எழும்பினால் வாளியையும் துண்டையும் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடலாம், அங்கே பெரும்பாலும் தண்ணீர் அமைதியாக இருக்கும். இப்படி அமைந்த ஊர்கள் குறைவு. வடகரையில் இருக்கிற ஹன்யா நகரிலிருந்து மலை ஏறி இறங்கி பஸ் வருகிறது.

பொழுது சீக்கிரம் சாயும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அக்டோபர் நடுவில் ஏழு மணிக்குள் இருட்டத் தொடங்கும், மாதத்தின் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிய பிறகு ஐந்தரைக்கே சூரியன் போய்விடும். காலை பதினொன்றிலிருந்து நாலு மணிவரை கடல், மற்ற நேரத்துக்கு வேறு வேலை என்று வைத்துக்கொண்டால் நாள் வீணாகாது.

கேள்வி: தீபாவளி லீவில் குடும்பத்தோடு கிரீஸ் தீவுகளுக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு வரலாமா? விசாவுக்கு எப்போது அப்ளை செய்வது? – வாசகர், கோவை

பதில்: தீபாவளி அக்டோபர் 20ஐ ஒட்டி வருகிற வருடம் என்றால் தாராளமாக. நவம்பரில் வந்தால் தீவுகள் வேண்டாம். அக்டோபர் கடைசியோடு ஹோட்டல்களும் கடலோரச் சாப்பாட்டுக் கடைகளும் ஒவ்வொன்றாகப் பூட்டுவார்கள், கப்பல்களைக் குறைப்பார்கள், அவ்வளவு தூரம் போய் நாற்காலி கவிழ்த்து வைத்த கடையைப் பார்த்துவிட்டுத் திரும்புவானேன்?

நவம்பர்தான் முடியும் என்றால் கேனரி தீவுகள் பக்கம் போங்கள். ஸ்பெயினுக்குச் சொந்தம், ஆனால் இருப்பது ஆப்பிரிக்கக் கரையோரம். கடல் 22 டிகிரி சுமாருக்கு இருக்கும். அங்கேயும் மலைக் கணக்குதான்: தெனரிஃபேயில் 3,715 மீட்டர் உயரமான தெய்தே எரிமலை வடகிழக்குக் காற்றின் ஈரத்தைத் தடுத்துவிடுவதால் தெற்குக் கரை வறண்டு, வெயிலாக இருக்கும், வடக்குக் கரை பச்சைப்பசேல் என்று இருக்கும். ரூம் போடும்போது தெற்கா என்று பார்த்துப் போடுங்கள். இரண்டு நாட்டுக்கும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாதான், பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாள் முன்புவரை ஏற்றுக்கொள்வார்கள் என்றாலும் அவ்வளவு கடைசிக்கு விடாதீர்கள், ஜூலையிலேயே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் நோ, மரக்கறிதான் சாப்பிடுவா. கடலைப் பார்த்துக்கொண்டு நாலு நாள் இருக்க வைக்க வேணும். கிரீட் சரிவருமா? – வாசகி, பாரிஸ்

பதில்: நன்றாகவே சரிவரும். அவவுக்குத் தென்கரை வேண்டாம், மலைப் பாதையில் பஸ் வளைந்து வளைந்து போகும். வடகரையில் இருக்கிற ரெதிம்னோ நகரில் தங்குங்கள். கடலோரம் சமதரையாக நீண்டு கிடக்கிறது, உட்கார இடமும் இருக்கிறது. பகலில் 23, 24 டிகிரி, இரவில் 17 வரை இறங்கும், ஒரு ஸ்வெட்டரும் சால்வையும் போதும்.

சாப்பாட்டில் அம்மா கஷ்டப்பட மாட்டா. தக்காளியையும் குடமிளகாயையும் குடைந்து உள்ளே சோறும் கீரைவகையும் அடைத்துச் சுட்ட கெமிஸ்தா, பருப்பு மசித்த ஃபாவா, அவித்த காட்டுக்கீரையில் எலுமிச்சையும் ஒலிவ் எண்ணெயும் விட்ட ஹோர்தா என்று நிறைய இருக்கிறது. கெமிஸ்தாவில் சில கடைகளில் கொத்திறைச்சி போடுவார்கள், அதனால் கேட்டு வாங்குங்கள். 'நிஸ்தீசிமோ' என்றால் அவர்களுடைய விரதச் சாப்பாடு, இறைச்சியும் பாலும் முட்டையும் இருக்காது. ஆனால் கணவாயும் இறாலும் அந்த விரதத்துக்கு ஆகும்! அம்மாவின் தட்டில் வந்துவிடாமல் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சீசன் முடிந்த பிறகு பிள்ளைகளைக் கடலில் விடுவது பாதுகாப்பா? – வாசகர், லண்டன்

பதில்: பல கரைகளில் அக்டோபரில் உயிர்காப்பாளர் இருக்க மாட்டார், கொடியும் இருக்காது. ஆகவே காவல் நீங்கள்தான். கிரீட்டின் வடகரையில், ரெதிம்னோ உட்பட, வடகாற்று அடிக்கிற நாளில் அடியில் இழுக்கிற நீரோட்டம் பெரியவர்களையே கொண்டுபோயிருக்கிறது. வெள்ளை நுரையோடு அலை வரிசையாக வந்தால் முழங்காலுக்கு மேல் இறங்கவே விடாதீர்கள். ஹோட்டல்காரரிடமோ பக்கத்துக் கடைக்காரரிடமோ "இன்றைக்கு இறங்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அந்தக் கரையில் தினமும் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.