பனையோலை, உள்ளித்தோல், சிரட்டை: பிளாஸ்டிக் இல்லாத ஈஸ்டர் அலங்காரம் (கேள்வி பதில்)

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு நெருங்கிவிட்டது. பாளையங்கோட்டைப் பக்கம் பிள்ளைகளுக்கு ஓலைப் பின்னலும் கைவேலையும் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர், வீட்டிலேயே செய்யும் ஈஸ்டர் அலங்காரம் பற்றி உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

மெஞ்ஞானபுரத்திலிருந்து: டீச்சர், எங்கள் வாலிபர்கள் வருசா வருசம் தெர்மாகோலில்தான் இயேசுவின் காலிக் கல்லறை செய்வார்கள். வேறு எதில் செய்யலாம்?

முதலில் ஒன்று. அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. கடையில் கிடைக்கிறதே என்பார்கள், கிடைக்கத்தான் செய்யும். நீங்கள் வாங்க வேண்டாம்.

மூங்கில் கம்பில் கூடு கட்டுங்கள். சணல் சாக்கைச் செம்மண் குழம்பில் முக்கி அதன்மேல் போர்த்துங்கள். குழம்பில் கொஞ்சம் மைதாப் பசை கலந்தால் காய்ந்தபின் உதிராது. ஒரே வெயிலில் பாறை மாதிரி விறைத்து நிற்கும். தெர்மாகோலுக்குப் பெயின்ட் அடித்தாலும் இந்த நிறம் வராது. ஆனால் சாக்கைப் பார்த்து எடுங்கள். இப்போது அரிசி வருகிற சாக்கு முக்கால்வாசி பிளாஸ்டிக் இழைதான்.

வீட்டளவில் செய்ய விளிம்பு உடைந்த மண்சட்டி போதும். தாம்பாளத்தில் மணல் பரப்பி, சட்டியைப் படுக்கவைத்து, வாசலில் ஒரு உருண்டைக் கல்லைத் தள்ளிவைத்தால் கல்லறை தயார். புதுச்சட்டியே வேண்டுமென்றால் காருகுறிச்சிப் பக்கம் போய்வாருங்கள். சுற்றிலும் பச்சைக்குக் குருத்தோலை ஞாயிறன்று கோதுமையை ஊறவைத்து, மறுநாள் விதையுங்கள். நம்மூர் முளைப்பாரி போலத்தான். அதை இருட்டில் வளர்ப்பதால் மஞ்சளாக வரும், இதை வெளிச்சத்தில் வையுங்கள், ஈஸ்டருக்குள் பச்சைப்புல் ஆகிவிடும்.

நாசரேத்திலிருந்து: அக்கா, முட்டைக்கு வீட்டுச் சாயம் ஏற்றினால் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

அநேகமாக வினிகர் போட்டிருக்க மாட்டீர்கள், அல்லது நாட்டுக்கோழி முட்டையில் செய்திருப்பீர்கள். அதன் ஓடு ஏற்கனவே பழுப்பு, மஞ்சள் ஏற்றினாலும் மங்கலாகத்தான் தெரியும். நாமக்கல் வெள்ளை முட்டைதான் இதற்குத் தோது. ஓட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டு. வினிகரின் புளிப்பு அதைக் கொஞ்சம் கரைத்துவிட்டால் சாயம் ஒட்டும். ஒரு தம்ளர் சாயத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். அதிகமானால் ஓடே அரித்துப்போகும், ஓடு சுண்ணாம்புதானே.

சாயங்களில் ராஜா உள்ளித்தோல். பெரிய வெங்காயத் தோல் இரண்டு கைப்பிடியை அரை லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். செங்கல் நிறத்திலிருந்து கருஞ்சிவப்பு வரை வரும், சீக்கிரம் வெளுக்காது. மஞ்சள்பொடி பளிச்சென்று பிடிக்கும், வெயில் பட்டால் போய்விடும். பீட்ரூட் தண்ணீரில் இருக்கிற நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், முட்டையில் இளம் ரோஸ்தான் நிற்கும். சங்குப்பூ நீலம் தரும், அதில் வினிகர் விட்டதும் ஊதாவாகிவிடும். பிள்ளைகளுக்கு அந்த வேடிக்கை ஒன்றே போதும்.

கொஞ்சம் பொறுமை இருந்தால் இலை அச்சு போடலாம். முருங்கை இலையோ கொத்தமல்லித் தழையோ ஒன்றை நனைத்து முட்டையில் ஒட்டி, பழைய மல் துணியால் இறுக்கிக் கட்டி, உள்ளித்தோல் தண்ணீரில் போட்டு அவியுங்கள். ஆறினபின் அவிழ்த்தால் இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

நம் ஏப்ரல் வெயிலில் அவித்த முட்டையை ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே வைத்தால் அதைத் தின்ன வேண்டாம். அலங்காரத்துக்கு மட்டும் என்றால் பச்சை முட்டையில் இரண்டு பக்கமும் ஊசியால் துளையிட்டு, ஊதிக் காலிசெய்து, கழுவிக் காயவைத்துச் சாயம் ஏற்றுங்கள். உள்ளே இருந்ததை ஆம்லெட் போடுங்கள்.

வள்ளியூரிலிருந்து: குருத்தோலையை ஈஸ்டர்வரை பச்சையாகவே வைக்க வழி உண்டா?

இல்லை. வெளிர் நிறத்துக்குத்தான் மாறும், அதுதான் அதற்கு அழகு. ஆனால் காய்ந்தபின் மடித்தால் முறியும். ஆகவே வாங்கிய அன்றே ஈர்க்கை உரித்துவிட்டு ஈரத்துணியில் சுற்றிவைத்து, ஒரு நாளுக்குள் பின்னி முடியுங்கள். சிலுவை, கிளி, மீன், காற்றாடி, கிலுகிலுப்பை என்று எது வருமோ அது. பிறகு நிழலில் காயவிடுங்கள். ஏற்கனவே காய்ந்த ஓலை என்றால் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் வளையும். பனையோலை உழைக்கும். தென்னங்குருத்து மடிக்கச் சுலபம், ஆயுசு கம்மி. உரித்த ஈர்க்கை எறியாதீர்கள், பூ குத்தவும் தோரணம் கோக்கவும் ஆகும்.

கத்தோலிக்க வீடுகளில் சிலுவையைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த சாம்பல் புதனுக்குக் கோயிலில் கேட்பார்கள், அந்த ஓலையை எரித்த சாம்பல்தான் நெற்றிக்கு வரும்.

மரத்துக்காரரிடம் "நாலு குருத்து வெட்டும்" என்று ஒரே மரத்தைக் காட்டாதீர்கள். மரம் சோர்ந்துவிடும்.

சாத்தான்குளத்திலிருந்து: ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். எல்லாரும் பிளாஸ்டிக் மாலையும் பிளாஸ்டிக் கப்பில் மெழுகுவர்த்தியும் கொண்டுவருகிறார்கள். நாங்கள் என்ன கொண்டுபோகலாம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நம் பக்கத்து ஈஸ்டருக்கு முட்டையைவிட இதுதான் முக்கியம், குப்பையும் இங்கேதான் அதிகம் சேர்கிறது.

மெழுகுவர்த்திக்குச் சிரட்டை, அதாவது தேங்காய் ஓடு. முக்கால் பாகம் மணல் நிரப்பி நடுவில் குத்துங்கள், உங்கள் ஊர்த் தேரிச் செம்மணலே போதும். மணல் குறைந்தால் கடைசியில் சிரட்டை தீப்பிடிக்கும், கவனம். மெழுகு கல்லறையில் வழியாது. முடிந்ததும் சிரட்டையை வீட்டுக்கே எடுத்துவரலாம்.

மலர்வளையம் கட்டுகிறவர்கள் பச்சை நிற ஸ்பாஞ்சில் பூவைக் குத்துகிறார்கள். அதுவும் பிளாஸ்டிக்தான், நொறுங்கித் தூளாகி மண்ணோடு கலக்கும். அதற்குப் பதில் ஒரு சாண் வாழைத்தண்டு எடுத்து, ஈர்க்கால் துளையிட்டுக் கேந்தி, அரளி, சம்பங்கியைச் செருகுங்கள். தண்டிலேயே ஈரம் இருப்பதால் பூ சாயங்காலம்வரை வாடாது. கட்டுவதற்கு வாழைநார். அப்படியே விட்டுவிட்டு வந்தாலும் ஆடு தின்றுவிடும். ஆனால் அரளி ஆட்டுக்கு விஷம், மேய்ச்சல் உள்ள இடத்தில் அரளி வேண்டாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: ஜிகினா தூவலாமா?

வேண்டாம். கடையில் விற்கிற ஜிகினா பெரும்பாலும் பிளாஸ்டிக் தூள்தான். ஐரோப்பிய ஒன்றியமே 2023இல் அதன் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. வண்ணக் கோலப்பொடியைப் பசைமேல் தூவுங்கள். மினுக்காது, பரவாயில்லை.

களக்காட்டிலிருந்து: பிளெக்ஸ் வேண்டாமென்று துணி பேனர் அடிக்கப்போகிறோம். சரிதானே?

எந்தத் துணி என்பதைப் பொறுத்தது. பாலியெஸ்டரும் பிளாஸ்டிக்தான். ஜவுளிக்கடையில் துணிப்பை என்று கொடுக்கிறார்களே, தைக்காமல் ஒட்டினது போல இருக்கும், அதுவும் பாலிபுரொப்பலின். ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி தாள் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். மற்றது உருகிச் சுருண்டு கட்டியாக நிற்கும். பழைய வேட்டியில் காவியும் நீலமும் வைத்துக் கையால் எழுதினால் அடுத்த வருசமும் ஆகும். "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று எழுதுங்கள், வருசத்தைப் போடாதீர்கள்.

தென்காசியிலிருந்து: வீட்டில் பழைய பிளாஸ்டிக் பூ, தோரணம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிடவா?

எதற்கு? உடைகிறவரை மாட்டுங்கள். நல்ல தோரணத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக "இயற்கை" தோரணம் ஆன்லைனில் வாங்கினால், அது வருவதே பபிள் ஷீட்டில்தான்.

உடன்குடியிலிருந்து: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சின்னப் பரிசுப் பெட்டி கொடுக்க ஆசை. ஓலைக்கொட்டான் வாங்கலாமா? உள்ளே என்ன வைக்க?

கருப்பட்டிக்குப் பேர்போன உங்கள் ஊரில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! சில்லுக்கருப்பட்டி வையுங்கள். சாக்லேட் இந்த வெயிலில் கோயில் வாசலிலேயே உருகிவிடும். கொட்டான் மணப்பாட்டில் பின்னுகிறவர்களிடம் கிடைக்கும், எண்ணிக்கை அதிகமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சாயம் போட்ட கொட்டானில் தின்பண்டத்தை நேராக வைக்காதீர்கள், சாயமிடாத ஓலையைக் கேளுங்கள். கருப்பட்டி ஈரம் இழுத்துக் கசியும், அதனால் அடியில் காய்ந்த வாழைச்சருகு விரித்து, அன்று காலையிலேயே நிரப்புங்கள். முந்தின ராத்திரி நிரப்பினால் எறும்பு வந்துவிடும்.

சென்னையிலிருந்து (சொந்த ஊர் திசையன்விளை): இங்கே ஓலைக்கு எங்கே போவது?

ஊரிலிருந்து யாராவது ரயில் ஏறினால் ஒரு கட்டு கேளுங்கள், எடையே இராது. இல்லையென்றால் முட்டை வருகிற அட்டை ட்ரே இருக்கிறதே, அதன் குழிகளை வெட்டி ஓரத்தை இதழாக நறுக்கி, பீட்ரூட் சாறும் மஞ்சளும் தடவிக் காயவையுங்கள். நல்ல பூவாக வரும். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பொடியைக் காய்ச்சின பசை.