பீட்ரூட் செடியில் இலை மட்டும்தான் வருகிறது, கிழங்கு வைக்கவில்லை. ஏன்?

எழுபத்தைந்து நாளாகியும் வேர் சுண்டுவிரல் கனம்தான், இலை மட்டும் முழங்கால் உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். முளைத்து வந்த நாற்றுகளில் எத்தனையைக் கலைத்து எடுத்தீர்கள்? "ஒன்றுகூட இல்லை" என்றால், பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

நானும் அப்படி ஏமாந்தவள்தான். திருச்சியில் எங்கள் மொட்டை மாடியில் முதல் முறை வைத்தபோது, நாலு அங்குல இடைவெளியில் குழிக்கு ஒரு விதைதான் என்று கணக்காக ஊன்றினேன். பத்தாம் நாள் பார்த்தால் குழிக்கு மூன்று, சில இடத்தில் நாலு நாற்று! விதையை எண்ணத் தெரியாமல் போட்டுவிட்டேனோ என்று என் மேலேயே சந்தேகம். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பீட்ரூட் விதை என்று பாக்கெட்டில் வருகிற அந்தக் கரடுமுரடான உருண்டை ஒற்றை விதை இல்லை. நெருக்கமாகப் பூத்த சில பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய கொத்து அது. உள்ளே இரண்டு முதல் ஐந்து விதை வரை இருக்கும். நீங்கள் எவ்வளவு கவனமாக ஊன்றினாலும் அவை கும்பலாகத்தான் முளைக்கும்.

சரி, கலைத்துவிடலாம் என்று கத்தரிக்கோலோடு மாடிக்குப் போனால், துணி காயப்போட வந்த மாமியார், "ஏம்மா, பச்சப்புள்ள மாதிரி இருக்கு, அதப் போயி வெட்டுறியே" என்றார். எனக்கும் மனசு வரவில்லை, விட்டுவிட்டேன். அறுவடையில் கிடைத்தது ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய சிவப்புக் கயிறுகள். அடுத்த முறை அவர் தூங்குகிற நேரம் பார்த்துக் கலைத்தேன்.

நாற்று மூன்று அங்குல உயரம் வந்ததும் ஒவ்வொரு கொத்திலும் திடமான ஒன்றை மட்டும் விட்டு, மற்றதை மண்ணோடு ஒட்டி வெட்டிவிடுங்கள். பிடுங்க வேண்டாம், வேர்கள் பின்னியிருக்கும், நிற்க வேண்டியதும் சேர்ந்து ஆட்டம் கண்டுவிடும். செடிக்குச் செடி நாலு அங்குலமாவது வேண்டும். என்னுடையது இரண்டடி அகல, ஒன்பது அங்குல உயரப் பை. அதில் இருபதுக்கு மேல் விடுவதில்லை. வெட்டிய நாற்றைப் பருப்பில் போட்டுவிடுவேன், அதனால் பாவ உணர்ச்சியும் இல்லை.

இடைவெளி சரியாக இருந்தும் இலையாகவே போகிறதென்றால் உரத்தைப் பாருங்கள். இரண்டாம் வருஷம் என் தவறு அதுதான். கத்தரிக்கும் கீரைக்கும் ஊற்றுகிற கடலைப் பிண்ணாக்குக் கரைசலை வாராவாரம் இதற்கும் ஊற்றினேன். அதில் தழைச்சத்து அதிகம். செடி தழைத்துக்கொண்டே போனது, கீழே சேமித்து வைக்கிற எண்ணமே அதற்கு இல்லை. இப்போதெல்லாம் மண் கலக்கும்போதே நன்றாக மக்கிய தொழு உரம் போடுவதோடு சரி, ஒரு மாதம் கழித்துக் கொஞ்சம் மண்புழு உரம். பச்சைச் சாணம் மட்டும் வேண்டாம், கிழங்கு கவட்டை விட்டுப் போகும்.

வெயிலும் முக்கியம். பச்சை வலைக்குக் கீழே, மதில் நிழலில் வைத்தால் இலைதான் வளரும். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டும். அதற்காகச் சித்திரையில் விதைத்துவிடாதீர்கள்! இது குளிர்ச்சி விரும்புகிற பயிர். சமவெளியில் இருக்கிற நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஊன்றினால் பனிக்காலம் முழுவதும் கிடைக்கும். கோடையில் வளர்வதை நறுக்கிப் பார்த்தால் நிறம் வெளுத்து வளையம் வளையமாகத் தெரியும், இனிப்பும் குறைவு. ஊட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு.

இன்னொன்று, கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே தெரிகிறதே என்று பதறி மண் அணைக்க வேண்டியதில்லை. கேரட்டுக்கு அணைப்போம், தோள் பச்சையாகிவிடும் என்று. பீட்ரூட் பாதி வெளியே உட்கார்ந்துதான் பருக்கும். தண்ணீரை மட்டும் நாள் தவறாமல் கொடுங்கள். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் வெடித்துவிடும். உள்ளே கறுத்துத் தக்கை மாதிரி இருந்தால் மட்டும் அது போரான் என்ற நுண்சத்தின் குறை, வேறு கதை.

அளவைப் பொறுத்தவரை, கிரிக்கெட் பந்து அளவுக்கு மேல் விட வேண்டாம். அதற்கப்புறம் நார் ஏறிவிடும். நான் எலுமிச்சை அளவிலேயே இடையிடையே ஒன்றிரண்டை எடுத்துவிடுவேன், மிச்சத்துக்கு இடம் கிடைக்கும். ஒரு செடியை விதைக்கு விடலாமா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நம் ஊர்ச் சூட்டில் அது பூக்காது. பூப்பதற்கு நீண்ட குளிர் வேண்டும், அதனால் வருஷா வருஷம் பாக்கெட்டுதான்.

இப்போது உங்கள் பையில் நிற்பதற்கு வருவோம். இன்றைக்கே மூன்றில் இரண்டு செடியை வெட்டி எடுங்கள், பிண்ணாக்கை நிறுத்துங்கள், வெயிலுக்கு நகர்த்துங்கள். மூன்று வாரம் பாருங்கள். சிலது பருக்கலாம். தொண்ணூற்றைந்து நாள் தாண்டியும் சுண்டுவிரலாகவே இருந்தால் அவற்றுக்காக இனித் தண்ணீர் வீணாக்க வேண்டாம், மண்ணைக் கொட்டி ஆறவிடுங்கள்.

வெட்டிய இலையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இது கீரைக் குடும்பம்தான். தண்டைப் பொடியாக நறுக்கி முதலில் வதக்குங்கள், அது வேக நேரமெடுக்கும். பாதி வெந்த பிறகு இலையைப் போட்டு, இறக்கும்போது தேங்காய்த் துருவல் தூவுங்கள். மறுநாள் காலையில் சிறுநீர் சிவந்து போனால் பயந்துகொண்டு டாக்டரிடம் ஓடவேண்டாம், சிலருக்குப் பீட்ரூட் சாயம் அப்படி இறங்கும். என் பையன் ஒருநாள் அலறிக்கொண்டு வந்தான்.