முகத்தின் மேல் போன் நம்பர்

கோவைப் பக்கத்து ஓவியர் ஒருவர் எழுதுகிறார்: நூற்பாலை ஒன்று கேட்டுக்கொண்டதால் அதன் குடோன் சுவரில் நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிப் பெண்ணை 40 அடி உயரத்துக்கு வரைந்தேன். 18 நாள் சாரத்தில் நின்றேன். இப்போது அவள் முகத்தின் மேலேயே ‘குடோன் வாடகைக்கு’ என்று போன் நம்பரோடு எழுதிவிட்டார்கள். காலண்டரிலும் அந்தப் படம், என் பெயர் இல்லை. 25 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? நியூயார்க்கில் சுவர் ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கிடைத்ததாமே?

உங்கள் கடிதத்தில் வெயில், சாரம், மேனேஜர் பேசிய பேச்சு எல்லாம் படித்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே வரி: ‘85 ஆயிரத்துக்கு பில் கொடுத்துப் பணம் வாங்கினேன்.’ பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கே. 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17(பி). காலண்டருக்குக் காசு கேட்க வழியில்லை.

உங்களிடம் மிச்சமிருப்பது அதே சட்டத்தின் பிரிவு 57. பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும், வரைந்தவர் நான் என்று உரிமை கொண்டாடலாம்; பெயர் கெடும்படி சிதைத்தால் தட்டிக்கேட்கலாம். முகத்தில் போன் நம்பர் என்பது நல்ல கேஸ்.

அதை நீங்களே கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். ஓவியர்கள் ஆத்திரத்தில் வக்கீல் நோட்டீஸ் விடுவார்கள். அது போய்ச் சேர்ந்த வாரமே சுவரின் சொந்தக்காரர்கள் முழுச் சுவருக்கும் வெள்ளை அடித்துவிடுவார்கள், இல்லை இடித்தே விடுவார்கள். இதை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்தாயிற்று. டெல்லி விஞ்ஞான் பவன் வெண்கலச் சிற்ப வழக்கில், அழிப்பதும் சிதைப்பதுதான் என்று சிற்பி அமர்நாத் சேகலுக்குச் சாதகமாக டெல்லி உயர் நீதிமன்றம் 2005-ல் சொன்னது உண்மை. அதே நீதிமன்றம் 2019-ல், டெல்லியின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி அரங்கம் இடிக்கப்பட்டதற்காகக் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல் போட்ட வழக்கைத் தள்ளிவிட்டது. கண்ணுக்கே தெரியாமல் போன ஒன்றால் படைத்தவர் பெயர் எப்படிக் கெடும் என்பது நீதிமன்றத்தின் வாதம். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் நீட்டுவார்.

எனவே நோட்டீஸ் வேண்டாம். இன்றே ரோட்டில் நின்று போட்டோ, வீடியோ எடுங்கள். காம்பவுண்டுக்குள் ஏறிக் குதித்தால் உங்கள் மேல்தான் புகார் வரும். அப்புறம் நேராக இடைக்காலத் தடை மனு, கூடவே சுவரைப் பார்வையிட, நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனர் வேண்டுமென்று ஒரு மனு. அவசரத் தடை கேட்பதால் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு அலைய வேண்டியதில்லை.

நியூயார்க்கை மறந்துவிடுங்கள். அங்கே ஓவியம் ஒன்றுக்கு இவ்வளவு வரை என்று சட்டமே தொகை வைத்திருக்கிறது, இங்கே இல்லை. 25 லட்சத்துக்கு 3 சதவீதம் கோர்ட் பீஸ் 75 ஆயிரம், நீங்கள் வாங்கிய கூலியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். சேகல் 1992-ல் வழக்குப் போட்டு 2005-ல் பெற்ற நஷ்டஈடு 5 லட்சம்.

தடை கிடைத்த கையோடு பேசி முடியுங்கள். எழுத்தை அழித்து முகத்தை நீங்களே மறுபடி வரையக் கூலி, அடுத்த காலண்டரில் பெயர், சுவரை இடிப்பதானால் 30 நாள் முன்தகவல். மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, கம்பெனி லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வாங்குங்கள்.