நாடகத்தின் முதல் காட்சியை வைத்து மையக்கருத்தை எப்படிப் பிடிப்பது?

முதல் காட்சியில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யார் எதை யாரிடமிருந்து மறைக்கிறார்கள் என்று பாருங்கள். மேடை நாடகமோ டிவி தொடரோ, எனக்கு நன்றாகக் கைகொடுக்கும் வழி இதுதான்.

நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' (1879) நாடகத்தை எடுத்துக்கொள்வோம். நார்வேயில் ஒரு நடுத்தரக் குடும்பம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். நோரா கைநிறையப் பொட்டலங்களோடு கடையிலிருந்து வருகிறாள். கிறிஸ்துமஸ் மரத்தைத் தூக்கிவந்த ஆள் ஐம்பது ஓரே (நார்வேச் சில்லறைக் காசு, நூறு சேர்ந்தால் ஒரு குரோன்) கூலி கேட்கிறான். அவள் ஒரு குரோன் கொடுத்து, மீதியை வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். கேட்டதுபோல் இரண்டு மடங்கு. மரத்தைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் ஒளித்துவைக்க ஏற்பாடு. அப்புறம் பாக்கெட்டிலிருந்து மக்ரூன் என்ற இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் போய்க் கணவன் அறைக் கதவில் காது வைக்கிறாள். இனிப்பு சாப்பிட்டாயா என்று அவன் கேட்கும்போது, இல்லவே இல்லை என்று சாதிக்கிறாள்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பணம், ஒளிவுமறைவு, பொய், கணவனின் அனுமதி எல்லாம் வந்துவிட்டன. பின்னால் வெடிப்பதும் இவைதான்: நோய்ப்பட்ட கணவனைக் காப்பாற்ற, அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டு அவள் ரகசியமாக வாங்கிய கடன். ஒரு மக்ரூனுக்கே பொய் சொல்ல வேண்டிய வீட்டில் அந்தக் கடனை எப்படிச் சொல்லியிருப்பாள்?

மையக்கருத்து 'பெண் விடுதலை' என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பெண்ணுரிமைக்காக என்று நினைத்து எழுதவில்லை என்று இப்சனே 1898இல் நார்வே பெண்ணுரிமைச் சங்கத்தின் விருந்தில் பேசியிருக்கிறார். மையக்கருத்தை ஒரு கேள்வியாக எழுதிப் பாருங்கள்: கொஞ்சிப் பேசும் கணவனிடம் உண்மையைச் சொல்ல முடியாத மனைவிக்கு அந்த வீட்டில் என்ன இடம்? இப்படி எழுதினால் காட்சிக்குக் காட்சி பதில் தேடலாம். முதல் காட்சியில் வந்த பொருள் பிறகு எந்த நிலையில் வருகிறது என்பதும் அந்தத் தேடலில் சேர்த்திதான். இரண்டாம் அங்கம் தொடங்கும்போது அதே மரம் அலங்காரம் உரிந்து, மெழுகுவர்த்திகள் எரிந்து தீர்ந்து, பியானோ பக்கத்து மூலையில் நிற்கிறது. உங்கள் கட்டுரையில் ஒரு முழுப் பத்திக்கு அந்த மரம் போதும்.

டிவியில் இவ்வளவு நிதானம் கஷ்டம், பார்ப்பவர் கையில் ரிமோட் இருக்கிறதே. குடும்பத்துக்காக என்று போதைப்பொருள் தயாரிக்க இறங்கும் ஒரு வேதியியல் ஆசிரியரின் கதை 'பிரேக்கிங் பேட்' (2008). அந்த அமெரிக்கத் தொடர் பாலைவனக் காற்றில் பறந்துவரும் ஒரு பேன்ட்டோடு தொடங்குகிறது. கேஸ் மாஸ்க் மாட்டி, ஜட்டியோடு வேனை வேகமாக ஓட்டும் அந்த நடுத்தர வயது ஆள். சைரன் சத்தம் நெருங்க, வீடியோ கேமராவை எடுத்து மனைவிக்கும் மகனுக்கும் பேசுகிறார்: என்ன கேள்விப்பட்டாலும் சரி, என் மனசில் இருந்தது நீங்கள் மட்டும்தான். ஐந்து சீசன் கழித்து, 2013இல் வந்த கடைசி எபிசோடில், எல்லாம் எனக்காகத்தான் செய்தேன் என்று அதே மனைவியிடம் ஒப்புக்கொள்கிறார். முதல் காட்சியில் அவர் மறைப்பது குடும்பத்திடமிருந்து மட்டுமல்ல, தன்னிடமிருந்தும்தான். இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுரையைத் தொடங்குங்கள்.