தும்மினால் சிறுநீர் கசிகிறது. தண்ணீர் குடிப்பதைக் குறைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு குழந்தைகள், இரண்டாவது நான்கு கிலோ இருந்ததால் ஆயுதம் வைத்து எடுத்தார்கள். சென்ற மாதம் மேல்தட்டிலிருந்து சேலைக்கட்டை இறக்கும்போது தும்மல் வந்து, வாடிக்கையாளர்கள் முன்னிலையிலேயே உடை நனைந்துவிட்டது. தண்ணீரைக் கொட்டிவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன். அன்று முதல் வேலை முடியும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. இது சர்க்கரை நோயாக இருக்குமா? வேலையை விட்டுவிடலாமா?

மருத்துவர் பதில்: பாரத்தை இறக்கினீர்கள், தும்மினீர்கள், சிறுநீர் கசிந்தது என்ற வரிசையே பெருமளவுக்குக் காரணத்தைக் காட்டிவிடுகிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்கும் தசைகள் முன்புற இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்புவரை தூளிபோல விரிந்திருக்கின்றன. தும்மும்போதும் இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் வயிற்றினுள் அழுத்தம் சட்டென்று உயர்கிறது. அந்த நொடியில் இத்தசைகள் இறுகிச் சிறுநீர்ப் பாதையை மூடிவிட வேண்டும். எடை மிகுந்த குழந்தையும் ஆயுதப் பிரசவமும் அவற்றைத் தளர்த்தியிருக்கலாம். பிரசவத்தின்போது ஏற்பட்ட தளர்ச்சி பல ஆண்டுகள் கழித்து, நாற்பதை ஒட்டி வெளிப்படுவது வழக்கமானதே. என்னிடம் இதற்காக வருகிற பெண்களில் பலர் முதலில் முதுகுவலி என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அதனால் நீங்கள் நேராக எழுதியதே பாதி வேலையை முடித்துவிட்டது.

தண்ணீரை நிறுத்தியதுதான் நீங்கள் செய்த தவறு. நீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும். நீர்க்கடுப்பும் தொற்றும் வரும் வாய்ப்பு கூடும். மலம் இறுகி, முக்கி முக்கிப் போகும்போது ஏற்கெனவே தளர்ந்த தசைகள் மேலும் தளரும். நம் ஊர் வெயிலில் சிறுநீரகக் கல்லுக்கும் அது வழிவிடும். ஆகவே வேலை நேரத்திலும் சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள். காபி, தேநீரை மட்டும் குறையுங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குச் செல்லுங்கள். கடையில் அதற்கு முகம் சுளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. நாள் முழுவதும் நிற்க வைக்கும் வழக்கத்துக்கு எதிராக, கடைகளில் பணியாளர்களுக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. கழிப்பறைக்குப் போவதற்கு மட்டும் ஏன் இன்னும் கூச்சப்பட வேண்டியிருக்கிறது என்பதைக் கடை நடத்துபவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

முதல் சிகிச்சை மருந்தன்று, பயிற்சி. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் விவரித்த பயிற்சி அது. வாயு வெளியேறாமல் அடக்குவதற்கு ஆசனவாயை எப்படி இறுக்கி மேலே இழுப்பீர்களோ, அதேபோல் முன்பக்கத்தையும் சேர்த்து இழுத்து, சில நொடிகள் நிறுத்தி, பிறகு முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. ஒரு வேளைக்கு எட்டு முறையாவது செய்து, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுபவர்களே அதிகம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள். சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் போகும். தும்மல் வருகிறது என்று தெரிந்ததும், கட்டைத் தூக்குவதற்கு முன்பும் அதே தசைகளை இறுக்கிக்கொள்ளும் உத்தியைப் பழகிவிட்டால் கடையிலேயே வேறுபாடு தெரியும். உடல் எடை மிகுதியாக இருந்தால் அதில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைப்பதும் கசிவைக் குறைக்கும்.

சர்க்கரை நோய் இருந்தால் சிறுநீரின் அளவு கூடுவதால் கசிவு அதிகமாகலாம். ஆனால் தும்மும்போது மட்டும் கசிவதற்கு அது ஒன்றே காரணமாக இருப்பதில்லை. இரத்தச் சர்க்கரையையும் சிறுநீரையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அவற்றுள் சில வறட்டு இருமலை உண்டாக்கும், சில சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடியிறக்கம், அதாவது கருப்பையோ சிறுநீர்ப்பையோ கீழிறங்கியிருப்பது, உள்ளதா என்பதை மகளிர் மருத்துவர் நேரில் பார்த்துத்தான் கூற முடியும். பயிற்சியால் குணம் தெரியாதவர்களுக்கு அறுவைச் சிகிச்சைகளும் உண்டு. அதை இப்போதே எண்ணிக் கலங்க வேண்டாம். வேலையை விடவும் தேவையில்லை. கசிவு குறையும்வரை, சிறுநீரை உறிஞ்சுவதற்கென்றே விற்கப்படும் பேடைப் பயன்படுத்துங்கள். மாதவிடாய் நாப்கின் சிறுநீரை அந்த அளவுக்கு உறிஞ்சாது.

சிறுநீரில் இரத்தம், காய்ச்சலுடன் எரிச்சல் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். உட்காரும் பகுதி மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், சிறுநீரே கழிக்க முடியாமை ஆகியவை தோன்றினால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவை எதுவும் இல்லையெனில், மூன்று நாளைக்கு எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எப்போது சிறுநீர் கழித்தீர்கள், எந்தச் செயலின்போது கசிந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டுடன் மகளிர் மருத்துவரிடம் செல்லுங்கள்.